முயலுக்குக் கேட்காத மோட்டார்

2009 ஆவணியில் ஒரு சைக்கிளைக் கோயில் பூசைக்கு அனுப்பிவைத்தேன். அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதற்காகத்தான் அனுப்பினேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வாசிப்பவர்கள் நடுவழியில் எனக்காக இரக்கப்படத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த வருடம் தை மாதம் எனக்கு வேலை போனது. லிஃப்ட் மோட்டார்களை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சோதிப்பது என் வேலை. ஒரே வாரத்தில் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு இருபத்தாறு வயது. கோலியர்ஸ் வுட்டில் அம்மா அப்பாவுடன் இருந்தேன். காலையில் விண்ணப்பங்கள் எழுதுவேன். மத்தியானம் பஸ் எடுத்து நோர்பரிக்குப் போவேன். அங்கே என் பெரியம்மாவின் மகன் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். ஜேர்மனியில் பன்னிரண்டு வருடம் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். எந்தக் கதையையும் "ஜேர்மனியில எண்டால்" என்றுதான் தொடங்குவார்.

அண்ணையும் மூன்று நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கென்ட்டில் ஒரு அப்பிள் தோட்டத்துக்கு முயல் சுடப் போவார்கள். முயல்கள் இளம் மரங்களின் பட்டையைக் கடித்துச் சாகடித்துக்கொண்டிருந்தன. தோட்டக்காரக் கிழவர் இவர்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தார். காற்றுத் துப்பாக்கி மட்டும். சுட்டதை இவர்களே கொண்டுபோகலாம். கேற்றுக்கு அப்பால் கார், வான் எதுவும் வரக் கூடாது, புல்லில் தடம் விழும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

சித்திரையும் வைகாசியும் வன்னியில் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் எல்லோரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். அந்த மாதங்களில் தோட்டத்தை யாரும் நினைக்கவில்லை. ஆனியில் அவர்கள் மறுபடியும் போகத் தொடங்கியபோது நானும் ஒருநாள் கூடப் போனேன். வீட்டில் இருக்க முடியாமல்தான் போனேன். தேநீர்ப் போத்தலும் ரோல்ஸ் பெட்டியும் என் கையில் தரப்பட்டன.

அன்று நான் கவனித்தவை மூன்று. நடந்து போனால் காலடி அதிர்வு நிலத்தினூடாக முயல்களுக்குத் தெரிந்துவிடுகிறது, அதிலும் இந்த நான்கு பேரின் காலடி. தோட்டக்காரக் கிழவர் பழைய சைக்கிளில் கடந்து போனபோது, அதே முயல்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து மேய்ந்தன. அண்ணை அந்தச் சைக்கிளை இரவல் வாங்கி மேட்டில் மிதித்துப் போய் இறங்கியபோது, மூச்சு வாங்கியதில் துப்பாக்கி நுனி ஆடியது, குண்டு வேலியில் பட்டது.

"அண்ணை, மிதிக்கத் தேவையில்லாத சைக்கிள் எண்டால்?" என்றேன்.

"மோட்டச்சைக்கிளோ? அதுக்குத் தடம் விழும், சத்தமும்."

"பற்றரிச் சைக்கிள்."

"ஜேர்மனியில எண்டால் அதைக் கிழடுகள்தான் ஓடும்" என்றார்.

நண்பர்களில் ஒருவர், மன்னாரிலிருந்து வந்தவர், "அப்ப உனக்குச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார் ஒன்றைச் சீனாவிலிருந்து வரவழைத்தேன். அதனுடன் வந்த கட்டுப்பாட்டுப் பெட்டி மலிவானது. மின்சாரத்தை வெட்டி வெட்டித் தள்ளியது, ஒவ்வொரு தள்ளலுக்கும் மோட்டார் உறுமியது. மனிதருக்கு அது சின்னச் சத்தம். முயலுக்கு அப்படியில்லை. லிஃப்ட் வேலையில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான்: வெட்டித் தள்ளாமல் அலையாகத் தள்ளினால் மோட்டார் வாய் திறக்காது. அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு எங்கள் குசினி மேசையில் புதிதாக ஒன்று செய்தேன். அதற்குள் ஓடும் நிரலையும் நானே எழுதினேன். ஆறு வாரம் பிடித்தது. அம்மா அந்த ஆறு வாரமும் மேசையின் பாதியில் மரக்கறி வெட்டினார்.

சைக்கிளின் உடல் அண்ணையின் கடையில் யாரோ விட்டுப் போனது. அவர் அதன் பிரேக்கைச் சரிசெய்து, பளபளப்பில்லாத பச்சை நிறம் பூசினார். நிறம் அழகாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

சத்தத்தைச் சோதிக்க அப்பாவைப் பின்வளவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் "எப்ப ஓட்டப்போறாய்?" என்று கேட்டார். நான் அவரைக் கடந்து வேலியடிக்குப் போய்விட்டிருந்தேன்.

ஆவணி முதல் ஞாயிறு அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். ஒருவர் மாறி ஒருவராக ஓட்டினார்கள். இருபது அடிக்குள் போய், நிறுத்தி, இறங்கி, மூச்சு வாங்காமல் சுட்டார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பதினைந்து முயல்கள். அதற்கு முந்தின ஞாயிறு இரண்டு.

பங்கு பிரிக்கும்போது அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இறைச்சியைக் கும்பல் கும்பலாக வைப்பார்கள். பங்கில்லாத ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பின்னால் ஒருவர் ஒரு கும்பலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்பார். முதுகு காட்டி நிற்பவர் பார்க்காமல் ஒரு ஆளைச் சொல்ல வேண்டும். பிறகு சண்டை இல்லை. அன்று முதுகு காட்டும் வேலை எனக்குத் தரப்பட்டது. பங்கில்லாத ஆள் நான்தான்.

நான்கு கும்பல் வைத்தார்கள். மன்னார்க்காரர் மறித்தார்.

"பொறு. எங்கட பக்கம் கடலுக்குப் போனால் வள்ளத்துக்கும் ஒரு பங்கு. இண்டைக்கு உழைச்சது சைக்கிள். அதுக்கும் வையுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து கும்பலாக, கும்பலுக்கு மூன்று. நான் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது ஆருக்கு?"

"சைக்கிளுக்கு" என்றேன். வேண்டுமென்றேதான் அதை முதலில் சொன்னேன். யாராவது என் பக்கம் திரும்புவார்கள் என்று நினைத்தேன்.

"சைக்கிள்காரன் ஆரப்பா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"ஆர், நான்தான்" என்றது அண்ணையின் குரல். பை சரசரத்தது.

அந்த நேரத்தில் தோட்டக்காரக் கிழவர் தன் மருமகளுடன் வந்தார். பக்கத்து ஊரில் வேட்டைச் சாமான் கடை நடத்துபவர் அந்தப் பெண். ஐம்பது வயதிருக்கும். சேற்றுச் சப்பாத்துடன் குந்தியிருந்து சக்கரத்தைப் பார்த்தார், கறுப்புப் பெட்டியைப் பார்த்தார், யார் செய்தது என்று கேட்டார்.

"நான்" என்றார் அண்ணை ஆங்கிலத்தில். "ஜேர்மனியில் பன்னிரண்டு வருட அனுபவம்."

பிறகு, நான் இரண்டடி தள்ளி நிற்பதைக் கண்டு, "இது என் தங்கை. எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தவள்" என்று அறிமுகம் செய்தார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு அண்ணையிடம் பேசினார். இரண்டு வாரம் கழித்துத் தன் வாடிக்கையாளர்கள் இருவரை அழைத்துவருவதாகச் சொன்னார். அவர்களுக்குப் பிடித்தால் பத்துச் சைக்கிள் வேண்டும். செய்கிறவருக்குத் தன் கடையின் பின்னால் பட்டறையும் நிரந்தர வேலையும் உண்டு. அந்த வருடம் நான் எழுதிய விண்ணப்பங்கள் எழுபதைத் தாண்டியிருந்தன. எனக்கு வந்த ஒரே வேலை என் கண்முன்னால் வேறொருவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணையின் வானில் திரும்பி வரும்போது கேட்டேன்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எப்பிடி?"

"நீங்கள் செய்ததெண்டு."

"வேற எப்பிடிச் சொல்லுறது? பொம்பிளைப் பிள்ளை வேட்டைச் சாமான் செய்தது எண்டால் அவையள் நம்புவினமோ? நாளைக்கு உனக்குக் கலியாணம் பேசேக்க, முயல் சுடுற சைக்கிள் செய்தவள் எண்டே சொல்லுறது?" சந்தியில் வானைத் திருப்பினார். "நீ வயரிங் செய்தனீ. நான் இல்லையெண்டு சொல்லேல்லையே. பத்துச் சைக்கிளுக்கும் நீதான் வயரிங் செய்யப்போறாய்."

அன்றிரவு அண்ணி, அண்ணையின் மனைவி, ஒரு டப்பாவில் முயல் கறி கொடுத்துவிட்டா. அம்மா நன்றாக இருக்கிறது என்றார். நான் தொடவில்லை.

அடுத்த நாள் கொப்பியை எடுத்து, சைக்கிளில் இன்னும் முடிக்காத வேலைகளைப் பட்டியல் போட்டேன். ஏழு வந்தது. ஆறு சில்லறை வேலைகள். ஏழாவது: தண்ணீர் புகாமல் பெட்டி மூடிக்குப் போடும் ரப்பர் இன்னும் வரவில்லை. மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தது. மோட்டார் தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும் மூன்று மெல்லிய வயர்கள் சரியாக அதற்குக் கீழேதான் சேர்கின்றன. அங்கே ஈரம் பட்டால் பெட்டிக்குத் தவறான செய்தி போகும். மோட்டார் எரிந்துவிடாது, தடுமாறும், பெரிதாகக் கத்தும்.

நேர்மையாகச் சொன்னால், கடைக்குப் போய் அவருக்குச் சொல்ல ஒருமுறை முயன்றேன்.

"அண்ணை, பெட்டி மூடி இன்னும்..."

"தெரியும், தெரியும். ஜேர்மனியில உதுகள் எத்தினையைப் பாத்தனான்."

கொப்பியை மூடினேன். இரண்டாவது முறை நான் முயலவில்லை. அதற்குப் பதிலாகக் கடைக்கு மேலே இருந்த அவர்கள் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் பேசினேன்.

"அண்ணி, இவ்வளவு பெரிய விசயம். புதுச் சாமான். கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு வாகனப் பூசை செய்தால் நல்லதல்லோ?"

எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோக முன் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். சந்தனம், குங்குமம், மாலை, மஞ்சள் தண்ணீர், சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய். காருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அண்ணி ஒரு நொடி யோசித்தா.

"முயல் கொல்லுற சைக்கிளைக் கோயிலுக்கே?"

"தோட்டத்துக்குப் போற சைக்கிள் எண்டு சொல்லுங்கோ."

"அதுவும் சரிதான்" என்றா. "உனக்கு உந்தப் பக்தி எப்ப வந்தது?"

"வேலை இல்லாமல் இருக்கேக்க வாறதுதானே" என்றேன். அவ என் கையைத் தடவிவிட்டா. அந்தத் தடவலுக்காக மட்டும் பிற்பாடு கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் போனேன். தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். கோயில் வாசலில் இரண்டு புதுக் கார்களுக்குப் பின்னால் எங்கள் பச்சைச் சைக்கிள் முறைக்காக நின்றது.

"என்ன வாகனம் இது?" என்றார் குருக்கள்.

"சைக்கிள்தான் ஐயா. பற்றரியில ஓடும்" என்றார் அண்ணை.

"எங்க ஓட?"

"தோட்டத்துக்குப் போய்வர."

"நல்லது. பயிர்பச்சை நல்லா வரட்டும்" என்று குருக்கள் மந்திரத்தைத் தொடங்கினார்.

மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கைப்பிடிக்குத் தெளித்தார், இருக்கைக்குத் தெளித்தார். அண்ணிக்குப் போதவில்லை.

"பெட்டியிலயும் நல்லாத் தெளியுங்கோ ஐயா. அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு."

குருக்கள் செம்பைச் சரித்தே விட்டார். மஞ்சள் தண்ணீர் மூடியின் விளிம்பில் ஓடி, ஒரு இடத்தில் நின்று, உள்ளே போனது. என் கைப்பையில் கடதாசிக் கைக்குட்டை இருந்தது. ஒரு எட்டு வைத்து ஒற்றியிருந்தால் போதும். நான் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியில் பூசிய சந்தனமும் குங்குமமும் ஞாயிறு வரை அழியக் கூடாது என்று அண்ணி அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு இறுக்கிக் கட்டினா. ஈரம் ஆவியாகவும் வழியில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அது மேலதிக உதவி.

ஞாயிற்றுக்கிழமை என்னை வர வேண்டாம் என்று அண்ணை சொல்லியிருந்தார். நான் தனியாக ரெயினில் போனேன். தோட்டத்திலிருந்து டாக்சியில் பத்து நிமிடத் தூரத்தில் ரெயில் நிலையம், அதன் எதிரே தேநீர்க்கடை. பையில் கருவிகள் எல்லாம் இருந்தன. பெட்டி மூடிக்கு நான் போட்டிருந்தது ஐந்து மூலை ஸ்குரூ. அதைத் திறக்கும் கருவி அண்ணையின் கடையில் கிடையாது. மூன்று மணிக்கு ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு முன்னால் போன் அடித்தது.

"எங்க நிக்கிறாய்?"

"வெளியில. ஏன் அண்ணை?"

"சைக்கிள் கத்துது."

"எப்பிடி?"

"மா அரைக்கிற மெசின் மாதிரி. கேற்றடியில நல்லாத்தான் வெளிக்கிட்டது. நடுத்தோட்டத்தில தொடங்கிச்சுது. முயல் ஒண்டும் இல்லை. காகம்கூட இல்லை."

"ஜேர்மனியில எண்டால் என்ன செய்வினம்?"

மறுபக்கத்தில் மோட்டார் ஒருமுறை கத்தி ஓய்ந்தது.

"பகிடி விடாதை. உந்தப் பெட்டியைத் திறக்க ஏலாமல் கிடக்கு. அவை பாத்துக்கொண்டு நிக்கினம். வெளிக்கிட்டு வா."

"ஒண்டரை மணித்தியாலம் ஆகும்" என்றேன்.

இரண்டாவது தேநீரும் ஒரு துண்டு கேக்கும் வாங்கினேன். கேக்கை மெதுவாகச் சாப்பிட்டேன். அந்த வருடத்தில் நான் மிகவும் அனுபவித்துச் சாப்பிட்ட பொருள் அதுதான்.

ஐந்தரைக்குக் கேற்றடியில் டாக்சியிலிருந்து இறங்கினேன். கடைக்காரப் பெண்ணும் பச்சைக் கோட்டுப் போட்ட இரண்டு ஆண்களும் நின்றார்கள். அண்ணையின் நண்பர்கள் வானில் சாய்ந்துகொண்டு ரோல்ஸ் சாப்பிட்டார்கள். அண்ணை சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சாதாரண ஸ்குரூடிரைவரால் முயன்று விரலில் காயம். கைப்பிடியில் வாடிய மாலை.

"டொக்டர் வந்திட்டா" என்றார் மன்னார்க்காரர்.

நான் குந்தியிருந்து கருவியை எடுத்தேன். அண்ணை அந்தப் பெண்ணைப் பார்த்து ஆங்கிலத்தில், "வயரிங்கில் இவள் எனக்குக் கொஞ்சம் உதவி செய்தவள்" என்றார்.

கருவியைப் பையில் திரும்பப் போட்டேன்.

"என்ன?" என்றார் தமிழில்.

"வடிவாச் சொல்லுங்கோ அண்ணை."

"என்னத்தை?"

"ஆர் செய்ததெண்டு."

"சனத்துக்கு முன்னால என்ன கதை இது?"

"சனத்துக்கு முன்னாலதான் நீங்கள் செய்ததெண்டு சொன்னனீங்கள்."

நான் எழும்பி நின்றேன். டாக்சி இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கினால் நிற்கும். அண்ணை அதைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னார்: "இவள் செய்தது. மோட்டார், பெட்டி, எல்லாம் இவள்." பிறகு தமிழில், "பெயின்ற் நான் அடிச்சது" என்றார்.

ரோல்ஸ் சாப்பிடுவது நின்றது. நான் எல்லா ஸ்குரூவையும் கழற்றினேன். உள்ளே மூன்று வயரும் சேரும் இடத்தில் மஞ்சள் படிந்து, அதன்மேல் பனி மாதிரி ஈரம் நின்றது. கடைக்காரப் பெண் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இந்த மஞ்சள் என்ன?"

"மஞ்சள்தான். சமையலில் போடுவது."

"அது ஏன் இதற்குள் இருக்கிறது?"

"பிரார்த்தனை செய்தோம்."

அவர் தலையாட்டினார். அதைப் பற்றி மேலும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"தண்ணீர் உள்ளே போகும்படி ஏன் விட்டாய்? இங்கே மழை பெய்யாத ஞாயிறே கிடையாது. செய்தவள் நீ என்றால் இது உன் பிழை, இல்லையா?"

பச்சைக் கோட்டுக்காரர் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணை முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தச் சைக்கிள் அவருடையதாக இருந்தவரை பிழையும் அவருடையதாக இருந்தது. நான்தான் அதை வற்புறுத்தி என் பக்கம் மாற்றியிருந்தேன். ரப்பர் வந்து சேரவில்லை என்று சொல்லலாம். அவர் கேட்காமல் கொண்டுபோனார் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதற்கு இரண்டும் பதில் இல்லை.

"ஓம், என் பிழை" என்றேன். ஓம் என்பது தமிழில் வந்துவிட்டது. மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்து, மூடினேன். இருபது நிமிடம். மேட்டின் உச்சி வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். சத்தம் இல்லை. முயலும் இல்லை. கோட்டுக்காரர் இருவரும் தங்கள் காருக்குப் போய்விட்டார்கள். கடைக்காரப் பெண் மட்டும் நின்றார்.

"முயல் இல்லாத தோட்டத்தில் இதை வைத்து நான் யாரை நம்பவைப்பது?" என்றார். "மூன்று வாரம் கழித்து வா. மழையில் ஓடவேண்டும். நீ மட்டும் வந்தால் போதும்."

போகும்போது அவர் அண்ணைக்குக் கை கொடுக்கவில்லை. அதை நான் பார்த்தேன், அண்ணையும் பார்த்தார்.

வானில் நண்பர்கள் பின்னால் நித்திரை கொண்டார்கள். நாங்கள் இருவரும் முன்னால். குரொய்டன் தாண்டியதும் அவர் தொடங்கினார்.

"பூசை செய்யச் சொன்னது நீ எண்டு அண்ணி சொன்னவ."

"ஓம்."

"தெரிஞ்சுதான் சொன்னனியோ?"

"ஓம் அண்ணை."

சிவப்பு விளக்கில் வான் நின்றது. பச்சை வந்த பிறகும் கொஞ்சம் நின்றது. பின்னாலிருந்த கார் ஹோர்ன் அடித்தது.

"சாமியை வைச்சு விளையாடியிருக்கிறாய்" என்றார்.

"உங்களை வைச்சு விளையாடினனான்" என்றேன்.

கடை வாசலில் சைக்கிளை இறக்கினார்கள். அவர் அதை உள்ளே உருட்டப் போனார். நான் கைப்பிடியைப் பிடித்தேன்.

"என்ன?"

"என்ரதை நான் எடுத்துக்கொண்டு போறன்."

நடைபாதையிலேயே குந்தியிருந்து தொடங்கினேன். பக்கத்து மரக்கறிக் கடைக்காரர் வாழைக்குலை அடுக்குவதை விட்டுவிட்டுப் பார்த்தார். அண்ணி மேல்மாடி ஜன்னலைத் திறந்தா. எனக்குள் இரண்டு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அவருடையது: உடல், முன்சக்கரம், கைப்பிடி, இருக்கை, பிரேக், பச்சை நிறம், மாலை. என்னுடையது: மோட்டார் உள்ள பின்சக்கரம், பெட்டி, பற்றரி, வேகத்தைக் கூட்டும் திருகு பிடி, எல்லா வயர்களும். ஒவ்வொன்றாகக் கழற்றி நடைபாதையில் வைத்தேன். பிரேக்குக்கு மட்டும் ஒரு நிமிடம் யோசித்தேன். அது அவர் சரிசெய்தது. விட்டுவிட்டேன்.

"உதுகளைக் கொண்டுபோய் எதில பூட்டப்போறாய்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

"வேற சைக்கிள் பாப்பன்."

"கட்டாயம் உரமான உடலாப் பார். இல்லாட்டிப் பாரம் தாங்காது."

வயர்களைச் சுருட்டினேன். அந்த ஆலோசனை சரியானது. அதற்காக அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

சக்கரத்தைத் தோளில் மாட்டி, மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். ஏழு கிலோ சக்கரம், ஐந்து கிலோ பற்றரி. சந்தியில் பாரத்தைத் தோள் மாற்றும்போது திரும்பிப் பார்த்தேன். அண்ணை நடைபாதையில் அந்தச் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பின்சக்கரம் இல்லாததால் அதைச் சாத்தவும் முடியவில்லை, உருட்டவும் முடியவில்லை. ஜன்னலிலிருந்து அண்ணி ஏதோ கேட்டா. அவர் நிமிரவில்லை.

பஸ் வந்தது. சாரதி சக்கரத்தைப் பார்த்துவிட்டு கதவைத் திறந்தார்.